துரை ஏறிய புகைக்கூண்டு

கயிறு குட்டையாகப் போய்விட்டது. எலியின் வேலையோ மழையின் வேலையோ, ஒரு நுனி நைந்து கிடந்தது. அதை வெட்டி எறிந்தால் மிச்சக் கயிறு துரை சொன்ன தென்னை உயரத்துக்கு எட்டாது.

கூலியாட்களை மேய்க்கும் கங்காணி கறுப்பையா கயிற்றை மறுபடி முழம் போட்டுப் பார்த்தார். ஹந்தானைக் காப்பித் தோட்டத்துத் துரை இன்றைக்குப் புகைக்கூண்டில் ஏறப்போகிறார். பெரிய துணிப் பைக்குள் தீக்குழியின் சூட்டை ஏற்றினால், அது கீழே தொங்கும் கூடையையும் துரையையும் தூக்கிக்கொண்டு எழும்புமாம். வேடிக்கை பார்க்கக் கண்டியிலிருந்து துரைமாரும் துரைசாணிமாரும் வந்து பங்களா விறாந்தையை நிறைத்துவிட்டார்கள். கூடை பறந்துவிடாமல் மரத்தோடு பிடித்து வைக்கப்போவது இந்த ஒரே கயிறு. கயிற்றுக்குப் பொறுப்பு கறுப்பையா. துரைக்கு ஏதாவது ஆனால் தூக்குமரத்தில் தொங்கப்போவதும் கறுப்பையா.

மாட்டுக் கொட்டிலிலிருந்து ஒரு துண்டுக் கயிறு கொண்டுவந்து சேர்த்து முடிந்தார். காலமெல்லாம் காப்பி மூட்டை கட்டிய கை அது. ஸ்டோரில் ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சைத் தவிர வேறு முடிச்சு அதற்குத் தெரியாது. முடிச்சு என்னவோ பார்க்க அழகாகத்தான் இருந்தது. நிம்மதியாக ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டார்.

"பாப்பம்மா! மணல் மூட்டை என்னாச்சு?"

"எல்லாத்தையும் கூடையில கட்டித் தொங்க விட்டாச்சு கங்காணி!"

மணல் மூட்டைதான் கூண்டை நிதானமாக எழும்ப வைக்கும் கனம். அதைக் காப்பிப் பழம் பறிக்கும் பாப்பம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. மணலுக்கு மகாவலி ஆறு வரை இறங்க வேண்டும். காய்ந்த காப்பித் தொலியோ பக்கத்திலேயே குவிந்து கிடந்தது. தோட்டத்தில் பழம் அளப்பது புசல் என்ற அளவுப் பெட்டியில். பெட்டி நிறைந்ததா என்று பார்ப்பார்களே ஒழிய, கனக்கிறதா என்று யாரும் அவளைக் கேட்டதில்லை. தொலியை நிறைய அடைத்து மூட்டை வாயைத் தைத்துவிட்டாள்.

புடைத்த மூட்டைகளைப் பார்த்ததும் கறுப்பையாவுக்கு இன்னும் கொஞ்சம் நிம்மதி.

"தொர எங்கய்யா?" என்று பங்களாச் சமையற்காரர் முனாப்பைக் கேட்டார்.

"அவர் விடிய முந்தியே கூடைக்குள்ள ஏறிட்டாரு. ஒத்தரும் கிட்ட போக வாணாம், கதைக்கவும் வாணாம்னு செல்லிட்டாரு."

கூடை விளிம்புக்கு மேலே வெள்ளைத் தொப்பி தெரிந்தது. கறுப்பையா தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வழக்கம்போலத் தரையைப் பார்த்தபடியே சலாம் வைத்தார். துரை பதில் சொல்லவில்லை. கங்காணி சலாத்துக்கு எந்தத் துரைதான் பதில் சொல்லியிருக்கிறார்?

தீ மூட்டினார்கள். விறகு ஈரம். பை தொய்ந்தே கிடந்தது. விறாந்தையில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"மானம் போகுது புள்ள! தேங்கா எண்ணெய கொஞ்சமா ஊத்து!"

பாப்பம்மா பானையோடு கவிழ்த்தாள். தீ குபீரென்று எழும்பியது. பை விறைத்து நிமிர்ந்தது.

"எழும்பிருச்சு! எழும்பிருச்சு!" என்று கறுப்பையா குதித்தார்.

எழும்பியதா? பாய்ந்தது! பதறிப்போன கறுப்பையா கூடையைக் கீழே இழுக்க நினைத்து ஒரு மூட்டையைத் தாவிப் பிடித்தார். மூட்டை கையோடு பிய்ந்து வந்து, அவர் தலைமேல் தொலியாகக் கொட்டியது.

"என்னாடி இது?"

"தொலி கங்காணி! நல்லா நெறையத்தான் அடைச்சேன்!"

இருந்த கொஞ்சக் கனமும் குறைந்ததில் கூண்டு ஒரு வெட்டு வெட்டி மேலே போனது. கயிறு விண்ணென்று இறுகியது. முடிச்சு தன் கடமையைச் செய்தது.

"தொர! குதிச்சுராதீங்க தொர!"

தொப்பி அசையவில்லை. அந்தத் தைரியத்தைக் கண்டு விறாந்தையில் ஒரு துரைசாணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூண்டு கண்டிக் குளத்தைத் தாண்டித் தெல்தெனியப் பக்கம் போய்ப் புள்ளியாகிவிட்டது. துரைமார் குதிரைகளைத் தட்டிவிட்டுக்கொண்டு அதன் பின்னால் பறந்தார்கள்.

கறுப்பையாவுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. தூக்குமரம் இருக்கட்டும்; கூலிகள் குடியிருக்கும் லயத்தில் காய்ச்சல் பரவியபோது வீடு வீடாக வந்து கையாலேயே மருந்து ஊற்றிய மனுஷன். அப்படிப்பட்டவரை வானத்தில் தொலைத்துவிட்டோமே! தலையெல்லாம் தொலியோடு பங்களாக் குசினிக்குள் போய் விழுந்தார்.

"முனாப்பு, தொரைய நானே கொன்னுட்டேன்யா! நான் போட்ட முடிச்சுதான்யா அவுந்துச்சு! என்னைய பொலிஸ்ல புடிச்சுக் குடுத்துரு!"

முனாப் சூப்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, அவசரமாகக் கறுப்பையாவின் வாயைப் பொத்தினார்.

"மெல்லப் பேசுங்க கங்காணி! தொப்பியோட பறந்து போனது தொரட தலகாணி. அவர் பயத்துல கட்டிலுக்குக் கீழ படுத்து ஈக்கிறாரு, ஆக்கள் எல்லாம் போயிட்டாங்களான்னு பாத்துட்டு வரச் சென்னாரு."