பௌடர் அண்ணன் போட்ட ஊர்

பௌடர் அண்ணன் எழுப்பிய சுவரை இந்த உலகத்தில் எந்த மனிதனாலும் தாண்ட முடியாது. கோட்டை மதில் ஏறிக் குதித்தவர்கள் சரித்திரத்தில் எத்தனையோ பேர் இருக்கலாம். பௌடர் அண்ணனின் சுவரைத் தாண்டியவர் ஒருவர்கூடக் கிடையாது. வில்லியனூரிலிருந்து பாகூர் வரை யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். இத்தனைக்கும் அந்தச் சுவரின் உயரம் அரை அங்குலம் தேறாது. வெறும் சுண்ணாம்புத் தூள். பலமாகத் தும்மினால் பறந்துவிடும்.

இது எனக்குப் புரிந்தது ஒரு திங்கட்கிழமை மாலை, கரிக்கலாம்பாக்கத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்து டீக்கடை பெஞ்சில். அப்போது என் மடியில் ஐம்பத்தாறு படிவங்கள் இருந்தன. ஐம்பத்தாறிலும் ஒரே பதில்: ‘நல்லா இருக்கு.’

விஷயம் இதுதான். ஏரிக்கரைப் புறம்போக்கில் குடிசை போட்டிருக்கும் ஐம்பத்தாறு குடும்பங்களுக்கு ஊருக்கு மேற்கே உள்ள தரிசில் வீடு கட்டித் தரப்போகிறார்கள். கட்டுவதற்கு முன்னால் அந்த மக்களிடம் கருத்துக் கேட்டு எழுதிவர வேண்டியது என் வேலை. கட்டிடக்கலை படித்து முடித்து ஏழே மாதம் ஆன வேகம் எனக்கு. சமுதாயக் கூடத்தில் புரொஜெக்டர் வைத்து, திரைக்குப் பதில் வேட்டி கட்டி, காற்றோட்டம் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். வேட்டிதான் நன்றாக ஆடியது.

“ஏதாவது மாத்தணும்னா சொல்லுங்க, எழுதிக்குடுங்க” என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எழுதினார்கள். ஒரே ஒருவர் மட்டும் ‘மிகவும் நல்லா இருக்கு’ என்று எழுதியிருந்தார். மற்றவர்கள் தன்னை முந்திவிடுவார்களோ என்று பயந்திருப்பார் போல.

டீக்கடைக்குப் பால் ஊற்ற வந்தார் அஞ்சலை அக்கா. அந்த ஐம்பத்தாறில் ஒருவர். கணவர் இல்லை, இரண்டு பசுக்கள்தான் அவர் குடும்பத்தை நடத்திக்கொண்டிருந்தன.

“அக்கா, நெஜமாவே பிளான் நல்லா இருக்கா?”

“சூப்பரா கீது மேடம்.”

“மாட்ட எங்க கட்டுவீங்க?”

அக்கா இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். குரலை இறக்கினார். “அதக் கேட்டா வூடு இல்லன்னுடுவாங்க மேடம். பெரிய மாட்ட சந்தைக்கு ஓட்டிட்டு, சின்னத எங்க அண்ணன் வூட்ல வுட்டுடலாம்னு கீறேன்.”

“இது கருத்துக் கேக்கற பேப்பர்க்கா. அப்ளிகேஷன் இல்ல.”

“கையெழுத்து வாங்கினீங்களே?”

இந்த நாட்டில் கையெழுத்து வாங்கும் காகிதத்தில் குறை எழுதினால் என்ன ஆகும் என்பது அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வெள்ளிக்கிழமை ஆபீசர் வருவார். படிவங்களை வாங்கிக்கொள்வார். அதற்குப் பிறகு அந்த வரைபடத்தில் ஒரு ஜன்னலைக்கூட நகர்த்த முடியாது. அஞ்சலை அக்கா ஒரு சொட்டு சிந்தாமல் பாலை ஊற்றி முடித்துவிட்டுப் போனார்.

டீக்கடைக்கு எதிரே வாலிபால் மைதானம். சனிக்கிழமைப் போட்டிக்காக யாரோ அப்போதுதான் கோடு போட்டு முடித்திருந்தார்கள். மைதானத்தில் ஈ காக்கை இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி அவசரமாக வந்த ஒருவர், மைதானத்தின் குறுக்கே போனால் இருபதடி மிச்சம், ஆனால் கோட்டருகே வந்ததும் நின்று, ஓரமாகத் திரும்பி, மூலை வரை போய், மறுபடி திரும்பிப் போனார். பின்னால் தலையில் புல்லுக்கட்டோடு ஒரு பெண். அவளும் சுற்றித்தான் போனாள். அடுத்து ஒரு நாய். அதுவும் சுற்றித்தான் போனது. சூடம் அடித்துச் சத்தியம் செய்யத் தயார்.

கையிலிருந்த டீ என் துப்பட்டாவில் கொட்டியது. யோசனை வந்துவிட்டது என்பதற்கு எனக்கு அதுதான் அடையாளம்.

“யாருண்ணா இந்தக் கோடு போட்டது?” என்று டீக்கடைக்காரரைக் கேட்டேன்.

“பௌடரு.”

பௌடர் அண்ணனுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். தலை, புருவம், முழங்கை வரை கைகள், எல்லாம் வெள்ளை. துளை போட்ட பெயிண்ட் டப்பாவுக்குக் கீழே ஒற்றைச் சக்கரம் வைத்த ஒரு வண்டி; அதை உருட்டினால் கோடு விழும், கூடவே எலி கத்துவதுபோல ஒரு சத்தமும் வரும். கழுத்தில் ஒரு விசில். பள்ளிக்கூடத்தில் பந்தும் வலையும் போட்டுவைக்கும் அறையில் ஒரு மூலைதான் அவர் படுக்கை. குடும்பம் இல்லை. அதனால் அந்த ஐம்பத்தாறில் அவர் இல்லை.

குறுக்கே நடப்பது அவருக்குப் பிடிக்காது. எங்கே போனாலும் நேராகப் போய், நின்று, மூலை மட்டம் வைத்ததுபோலத் திரும்பித்தான் போவார். ரேஷன் கடையில் ஒருமுறை வரிசைக்குக் கோடு போட்டாராம். கோடு அழிந்து நான்கு மாதம் ஆகியும் ஜனங்கள் அதே இடத்தில் வளைந்துதான் நின்றார்களாம். கொல்லைப்புறத்துக்காக வெட்டுக்குத்து வரை போன அண்ணன் தம்பி இருவர் நடுவே இவர் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று திட்டிக்கொண்டார்களே தவிர, கோட்டைத் தாண்டவில்லை. மழையில் கோடு அழிந்தபோது இருவரும் சேர்ந்தே வந்து, “பௌடரு, கொஞ்சம் வந்து போட்டுட்டுப் போபா” என்று கூப்பிட்டார்களாம்.

“அண்ணா, எனக்கு ஒரு தெரு போட்டுத் தரணும்” என்றேன், அவரைத் தேடிப்போய். “ரெண்டு பக்கமும் நாலு நாலு வீடு. மேற்கே அந்தத் தரிசுல.”

அவர் ஆச்சரியப்படவே இல்லை. “இன்னா சைஸு?”

“நெஜ சைஸு.”

தரிசுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “காத்தடிக்கக் கூடாது தங்கச்சி. பனி எறங்கினா தூளு ஒட்டும். வெள்ளனே வா.”

மறுநாள் விடிந்தபோது தரிசு முழுக்கப் பனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பனிக்குள்ளே எங்கோ அந்த வண்டியின் கீச்சுக் கீச்சு மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. வெளிச்சம் ஏற ஏற, தரையிலிருந்து ஒரு ஊர் மெல்ல மேலே வந்தது. முதலில் ஒரு வாசற்படி. பிறகு ஒரு அடுப்படி. பிறகு ஒரு ஜன்னல், அதற்கு வெளியே ஒரு தெரு. பூஜை மூலைக்கு மட்டும் சுண்ணாம்பு போடாமல் கோலமாவு போட்டிருந்தார். “சாமி எடத்துல சுண்ணாம்பு போட்டா எரியாது?” என்று என்னைக் கேட்டார். சாமிக்கா என்று நான் கேட்கவில்லை. வாசற்படி வழியாக உள்ளே போனேன். வரைபடத்தில் எத்தனையோ முறை பார்த்த வீடுதான்; அன்றைக்குத்தான் அதற்குள் நின்றேன்.

ஏரிக்கரை ஜனம் முழுவதும் திரண்டு வந்தது. ஒவ்வொருவராக வாசல் வழியே உள்ளே போனார்கள். கையை நீட்டி நீட்டிச் சுற்றினார்கள்.

“அடேங்கப்பா, இவ்ளோ பெரிய வூடா!”

டேப்பை எடுத்து அளந்தேன். அப்புறம் அவருடைய கயிற்றைப் பார்த்தேன். அது வாலிபால் கயிறு. ஒன்பது மீட்டருக்கு ஒரு முடிச்சு. பௌடர் அண்ணன் ஒவ்வொரு வீட்டையும் நீள அகலம் பார்க்காமல் முடிச்சுக்கு முடிச்சு, அரை மைதானமாகக் கட்டிவைத்திருந்தார்.

“அண்ணா, இதுல பாதிகூட வராதுண்ணா நெஜ வீடு!”

“பாதியா?” அவர் முகத்தில் எட்டு வீடும் இடிந்து விழுந்தது. “பாதில எப்படி தங்கச்சி சர்வீஸ் போடறது?”

எல்லாவற்றையும் துடைப்பத்தால் கலைத்துவிட்டுச் சரியான அளவில் மறுபடி போட்டார். வெயில் ஏறிவிட்டது. கூட்டம் கலையாமல் பார்த்துக்கொண்டே நின்றது. இரண்டாவது வீட்டுக்குள் நுழைந்த அஞ்சலை அக்கா இடுப்பில் கைவைத்து நின்றார்.

“இன்னா பௌடரு, வூட்ட எடுத்துப்போயி தொவச்சிட்டியா? சுருங்கிப்போச்சு!”

தரிசே சிரித்தது. சிரித்த வாய்கள் மூடவில்லை. நேற்று ‘நல்லா இருக்கு’ என்று எழுதிய அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இங்க அண்டா வெச்சா நான் எங்க நிக்கறது? கதவ இப்படித் தொறந்தா கட்டில்ல இடிக்குமே? பக்கத்து வூட்டு ஜன்னலுக்கு நேரா எங்க வூட்டு பாத்ரூமா, நல்லாயிருக்குதே நாயம்! நேற்று நான் காட்டியது ஆபீஸ் காகிதம். அதில் குறை சொல்லக் கூடாது. பௌடர் போட்ட கோட்டில் எப்போதுமே குறை சொல்லலாம். வாலிபாலில் ஒவ்வொரு பாயிண்டுக்கும் சொல்லிப் பழக்கம். என் பேனாவில் மை தீர்ந்தது. அந்தப் பாழாய்ப்போன கயிறு தப்பாக அளந்திராவிட்டால் ஒருவரும் வாயைத் திறந்திருக்கமாட்டார்கள் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

அடுத்த இரண்டு நாளும் அந்தத் தெருவில் ஜனங்கள் குடியிருந்தார்கள். வேறு எப்படிச் சொல்வது? குடும்பம் குடும்பமாக முறைவைத்து வந்தார்கள். பாய் விரித்து, படுக்கையறை என்று எழுதிய இடத்தில் மதியத் தூக்கம் போட்டார்கள். ஒருவர் குறட்டை விட, அடுத்த வீட்டுக்காரர், “செவுத்தத் தாண்டிக் கேக்குதுபா” என்று சலித்துக்கொண்டார். இரண்டு பெண்கள் இல்லாத ஜன்னல் வழியாகக் குழம்பு மாற்றிக்கொண்டார்கள். திருபுவனை ஃபேக்டரியில் ஷிப்ட் முடித்துத் தரிசின் குறுக்கே பைக்கில் வருகிற ஒருவர், தெரு முனையில் பிரேக் போட்டு, ஹாரன் அடித்து, எட்டு வீட்டையும் நிதானமாகப் பார்த்துக்கொண்டே தெரு வழியாகவே போனார். மாலை வெயிலில் வெள்ளைக் கோடுகள் மஞ்சளாகி, சுவர் இருப்பதுபோலவும் இல்லாததுபோலவும் தெரிந்தது. எது கனவு, எது கட்டிடம் என்று எனக்குக் கொஞ்சம் குழம்பியது.

வெள்ளிக்கிழமை ஆபீசர் வந்தார். பளபளக்கும் ஷூ, கையில் வரைபடம். ஐம்பத்தாறு படிவங்களையும் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். எழுதிய குறைகளையெல்லாம் நான் நீட்டுவதற்குள், “கோட்டுல வீடு போட்டிருக்கீங்களாமே, எங்க அந்த வீடு?” என்று விறுவிறுவென்று நடந்து, அஞ்சலை அக்காவின் பக்கச்சுவர் மேல் காலைத் தூக்கினார்.

பௌடர் அண்ணன் விசிலை ஊதினார்.

“சார்! சார்! செவுரு சார்!” என்று நாற்பது தொண்டைகள் கத்தின.

ஆபீசரின் கால் அந்தரத்தில் நின்றது. கீழே குனிந்து பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். மெதுவாகக் காலைப் பின்னுக்கு எடுத்தார். “சாரி” என்றார், சுவரிடம். தெரு வழியாகச் சுற்றி வாசலுக்கு வந்தார். வாசலில் உள்ளே போக வழியில்லை. ஒரு பசுவின் பின்பக்கம் நின்றது.

“இன்னாம்மா, மாட்டக் கொண்டாந்து ஹால்ல கட்டியிருக்க?”

“பெட்ரூம்ல கட்டிப் பாத்தேன் சார். கட்டில் போட எடமில்ல” என்றார் அஞ்சலை அக்கா.

“வீடு நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்திருக்கியே?”

“நல்லாதான் சார் கீது. மாட்டுக்குத்தான் புடிக்கல.”

அந்த நேரம் பார்த்து மாடு தன் கருத்தையும் ஹாலில் தெரிவித்தது. ஷூ நூலிழையில் தப்பித்தது. ஆபீசர் வரைபடத்தை நேராகப் பிடித்தார், தலைகீழாகத் திருப்பினார். அக்கா பக்கத்தில் போய் நின்று, சிரிக்காமல் கேட்டார்: “எந்த எடத்துல கட்டறதுன்னு நீங்களே காட்டுங்க சார். இல்லன்னா சொல்லிடுங்க. ஞாயித்துக்கெழம சந்தை, ஓட்டிட்டுப் போயிடறேன்.”

மாடு அசைபோடும் சத்தம் மட்டும் கேட்டது.

“கெழக்கால பூங்கான்னு ஒண்ணு போட்டிருக்கோம்” என்றார் ஆபீசர் கடைசியில், யாரிடமோ சொல்வதுபோல. “அத கொஞ்சம் கொறைக்கலாம்.”

அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் வண்டி கீச்சிட்டது. பௌடர் அண்ணன் கிழக்கே போய், நேராகத் திரும்பி, நீளமாக ஒரு கொட்டகையைப் போட்டுவிட்டு வந்து நின்றார். ஆபீசர் அதன் வாசல் வழியே உள்ளே போய் நடந்து பார்த்தார். பேனாவை எடுத்து வரைபடத்தின் மேலேயே ‘பொது மாட்டுக்கொட்டகை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் குறைப் பட்டியலையும் வாங்கி மடித்துக்கொண்டார். கிளம்பும்போதும் தெரு வழியாகத்தான் போனார். அஞ்சலை அக்கா மாட்டை அவிழ்த்து, சந்தைப் பக்கம் பார்க்காமல், புதுக் கொட்டகைக்குள் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் சும்மா நிறுத்திவைத்திருந்தார்.

பத்து நாளில் காற்று அந்தத் தெருவைத் தின்றுவிட்டது. நேற்று மாலை போய்ப் பார்த்தேன். எட்டு வீடும் இல்லை. கொட்டகையை ஒட்டி ஒரே ஒரு சின்னச் சதுரம் மட்டும் பளிச்சென்று இருந்தது, புதிதாகப் போட்டது. ஒரு வாசல், ஒரு ஜன்னல், ஒரு ஆள் படுக்க இடம்.

“இது யார் வீடுண்ணா?”

“வூடு இல்ல தங்கச்சி.” வண்டியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “மாட்டுக்கு வாட்ச்மேன் ஒருத்தன் வேணாமா? சும்மா போட்டுப் பாத்தேன். காத்தடிச்சா போயிடும்.”

பொது மாட்டுக்கொட்டகைக்குக் காவலாள் அறை ஒன்று வேண்டும் என்று ராத்திரியே மனு எழுதிவிட்டேன். வரைபடம் இணைத்தாயிற்று. அளவு இணைத்தாயிற்று. ஐம்பத்தாறு குடும்பமும் கையெழுத்துப் போட்டாயிற்று, இந்த முறை பயப்படாமல். ஒரே ஒரு கட்டம்தான் காலியாக இருக்கிறது: பெயர். அஞ்சலை அக்காவுக்குத் தெரியவில்லை. டீக்கடைக்காரருக்குத் தெரியவில்லை. எல்லோருக்கும் வீடு போட்டுக்கொடுத்த மனிதரின் பெயரை இந்த ஊரில் ஒருவரும் கேட்டதில்லை, நான் உள்பட.

நாளைக் காலை, பனி விலகுவதற்குள் போய்க் கேட்கப்போகிறேன். சுவரைத் தாண்டாமல், வாசல் வழியாக.