பச்சையப்பன் மேஸ்திரியின் ஷூ

மனைவியை வாதத்தில் ஜெயிக்க முடியாது என்று தெரிந்துபோனதால், விஞ்ஞானத்தில் ஜெயிப்பது என்று ஆல்வின் சார் முடிவெடுத்தார்.

அவர் ஆம்பூர்ப் பக்கம் ஒரு பி.எட். கல்லூரியில் உளவியல் ஆசிரியர். சண்டை வீட்டின் பின்னறைக்காக. மெர்சியின் தையல் மெஷின் அடுப்பங்கரையில் கிடந்தது. அவள் தைக்கிற பிளவுஸில் எல்லாம் மீன் குழம்பு மணத்தது. போன வாரம் ஒரு கல்யாணப் பெண்ணின் பிளவுஸ் திரும்பி வந்தபோது மெர்சி அழுதேவிட்டாள். பின்னறை கிடைத்தால் பிழைத்துக்கொள்வேன் என்றாள். சாருக்கோ அது ஆராய்ச்சி அறை. அதாவது, மதியம் தூங்குகிற அறை.

"ஒன்றை மட்டும் மாற்று. மற்றதை அப்படியே விடு. என்ன ஆகிறது பார். ஒருநாள் எதையுமே தொடாமலும் பார்." வகுப்பில் அவர் சொல்லிக்கொடுக்கும் சோதனை முறை இதுதான். இப்போது மாற்ற வேண்டியது ஒரு ஜோடி ஷூ. பார்க்க வேண்டியது மெர்சியின் பயம். பயந்துவிட்டால் பின்னறையைக் கேட்க மாட்டாள்.

பைபாஸ் ஓரத்தில் கம்பெனி சாம்பிள் ஷூக்களைக் குவித்து விற்பார்கள். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற அவசரத்தில் இரண்டை உருவிக்கொண்டு வந்தார். சுண்ணாம்பைப் பூசிப் பழசாக்கினார்.

"மெர்சி, பரண்ல இது கெடந்துச்சு. நமக்கு முன்னாடி குடியிருந்தாரே, தோல் பதனிடற ஷாப் மேஸ்திரி பச்சையப்பன், அவரோடது. பாவம், பின் ரூம்லதான் செத்தாராம்."

மெர்சி ஷூவைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி ஷூவைப் பார்த்தாள்.

"செத்தவங்க பொருளு. அந்த ரூம்லயே வைங்க."

சுவரைப் பார்த்து வைத்தார். மறுநாள் கதவைப் பார்த்துத் திருப்பினார்.

"இன்னாங்க, ஷூ திரும்பியிருக்குது? நீங்க தொட்டீங்களா?"

"நானா? நான் ஏன் தொடப்போறேன்?"

மெர்சி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். சாருக்கு உள்ளுக்குள் மத்தாப்பு கொளுத்தினது போல இருந்தது.

அடுத்து, எதையும் தொடாத நாள். மெர்சி காலையிலேயே அணைக்கட்டு என்கிற ஊருக்கு, அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். சார் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போனார்.

சாயங்காலம் வந்து திறந்தார். கரண்ட் இல்லை. கூடத்தில் தோல் ஷாப் வாசனை, ஊறின சுண்ணாம்பு வாசனை. பின்னறையை எட்டிப் பார்த்தார். ஷூ இல்லை.

தரையில் வெள்ளையாகக் காலடித் தடங்கள். பின்னறையில் கிளம்பி, கூடத்தைத் தாண்டி, அவருடைய சாய்வு நாற்காலி வரைக்கும் வந்திருந்தன. தடம் முடிந்த இடத்தில் ஷூ நின்றது, நாற்காலியைப் பார்த்தபடி. ஒரு தடத்தைத் தொட்டுப் பார்த்தார். ஈரம் காயவில்லை.

போனை எடுத்து மெர்சியைக் கூப்பிட்டார்.

"மெர்சி, எங்க இருக்க?"

"அக்கா வீட்லதாங்க. இன்னா, குரல் ஒரு மாதிரி இருக்குது?"

"ஷூ... ஷூ நடந்து வந்திருக்குது."



"உங்க நாற்காலிகிட்டயா?" என்றாள் மெதுவாக. "அப்ப நீங்க அந்த ரூம்ல தூங்கறது அவருக்குப் புடிக்கலைங்க."

நாற்காலி என்று தான் சொல்லவே இல்லையே என்று யோசிக்கிற நிலையில் சார் இல்லை. அவள் பஸ் பிடித்து வரும்வரை தெருவிலேயே நின்றார்.

"அந்த ரூமை நீயே எடுத்துக்கோ மெர்சி. மெஷினப் போட்டுக்கோ."

"ஐயோ, வேணாங்க! எனக்குப் பயமா இருக்குது."

"உன் கால்ல உழறேன். நானே தூக்கி வைக்கறேன்."

"இவ்ளோ சொல்றீங்க. சரி, உங்களுக்காக."

மறுநாள் பின்னறையில் மெஷின் கடகடவென்று ஓடியது. பக்கத்து வீட்டு ஷஹீன் பானு பிளவுஸ் துணியோடு உள்ளே வந்தாள். மெஷின் மேல் ஒரு சாவியை வைத்தாள். இந்த வீட்டின் இரண்டாவது சாவி.

"இந்தா மெர்சி. சுண்ணாம்பு பட்டு கையெல்லாம் ஒரே எரிச்சல், பேஜாரா போச்சு."

வாசலில் நின்ற சாருக்கு முகம் செத்துப்போனது.

"எப்போ... கண்டுபுடிச்ச?"

மெர்சி ஊசியில் நூலைக் கோத்தாள்.

"ஏங்க, பச்சையப்பன் மேஸ்திரிக்கு ரெண்டுமே இடது காலா?"