கவர்னரின் உணவுப் படிவம்

வீட்டில் தாடி ஓணான் வளர்ப்பவர் ஒவ்வொருவரும், அதற்குப் பாதுகாப்பான சமச்சீர் உணவு வழங்கி, வழங்கியதற்கு ஆதாரம் வைத்திருக்க வேண்டும். எங்கள் கோதுமை ஊரில் இதை யாரும் மறுக்கவில்லை. மறுத்தால் அதற்கும் ஒரு படிவம் உண்டு.

என் ஓணான் பெயர் கவர்னர். வேலை செய்யாது, வேளைக்குச் சாப்பாடு வந்துவிடும். நான் தானியக் கிடங்கில் இருபத்தொன்பது வருடம் எடைமேடை பார்த்தவன். படிப்பு குறைவு, எண் தப்பாது. ஆகவே படிவம் வந்ததும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோஷம்தான்.

கீரையும் காயும் எண்பது பங்கு, பூச்சி இருபது பங்கு. அவகேடோ கூடாது. வெளியே பிடித்த பூச்சி கூடவே கூடாது, மருந்து தின்றிருக்கும். ஒருமுறை கொடுத்தாலும் உரிமம் ரத்து. கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே உள்ள தூரத்தைவிடப் பெரிய எதையும் கொடுக்கக்கூடாது. கவர்னருக்கு அது பத்தொன்பது மில்லிமீட்டர். சுவர்க்கோழிப் பூச்சிகளை ஒவ்வொன்றாக வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன். இருபத்தொன்று வந்த ஒன்றைக் கடைக்குத் திருப்பி அனுப்பினேன்.

எங்கள் பக்கம் ஜூன்தான் குளிர்காலம்; மூன்றாம் தேதி குளிர் இறங்கியது. கவர்னர் மரக்கட்டைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. எல்லாத் தாடி ஓணானும் செய்வதுதான். ஆனால் ஏழு நாள் தொடர்ந்து 'கொடுத்த உணவு' பூஜ்யம் என்றால் ஓணானை எடுத்துப் போய்விடுவார்கள் என்று படிவம் சொன்னது. அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பெர்கஸ் பெல் என்ற அதிகாரி எடுத்தார்.

"ஐயா, ஓணான் தூங்குது."

"எத்தனை மணிக்கு எழுந்திருக்கும்?"

"ஆகஸ்ட்டுல."

கொஞ்ச நேரம் காகிதம் புரளும் சத்தம். "தூங்குறதுக்குக் கட்டம் இல்லையே லெஸ்டர். தட்டை வையுங்க. வெச்சதைத்தான் கேக்குது."

"மிச்சத்தை?"

"புதைக்க அனுமதி வாங்கணும். குப்பையில போட்டா காட்டுப் பிராணி தின்னுடும். வேற பிராணிக்குக் கொடுத்தா அதுக்கு உரிமம் காட்டணும்."

எங்கள் வீட்டில் உரிமம் தேவைப்படாத பிராணி இரண்டு. ஒன்று என் மனைவி டல்சி. கேட்டுப் பார்த்தேன். "கிழவா, ஓணானை யார் கொண்டுவந்தா?" என்றாள்.

கடுகுக்கீரை, சீனக்கீரை, துருவிய பூசணி, மொத்தம் நாற்பது கிராம். தூங்குகிறவன் முன்னால் காலையில் வைப்பேன், மாலையில் எடுப்பேன். மிச்சம் நாற்பது, அழித்த விதம்: நான் தின்றேன். பூச்சிகள் உயிரோடு பெட்டிக்குத் திரும்பின. அவற்றுக்கு 'பயன்படாத கையிருப்பு' என்று கட்டம் இருந்தது. கால்சியம் பொடி தூவிய கீரைக்கு இல்லை. ஐம்பத்திரண்டு நாள். இரண்டு கிலோ எண்பது கிராம்.

டாக்டர் என் சர்க்கரை இறங்கிவிட்டது என்றார். டல்சி வீட்டிலிருந்த கறி அடைத்த பேஸ்ட்ரி எல்லாவற்றையும் ஒளித்தாள்.

ஐம்பத்து மூன்றாம் நாள் பெர்கஸ் நேரில் வந்தார். சட்டைப் பொத்தான்கள் சிரமப்படும் உடம்பு. பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். "மாவட்டத்துலேயே இதான் முன்மாதிரி" என்று உரிமத்தில் பாதிக் கையெழுத்துப் போட்டபோது, அடுப்படியிலிருந்து சாசேஜ் வாசனை வந்தது. பேனா நின்றது. விருந்தாளி வந்தால்தான் எனக்கும் சாசேஜ்.

டல்சி தட்டை வைத்தாள். கூடவே வெர்னியரையும் வைத்தாள்.

"இது எதுக்கும்மா?" என்றார் பெர்கஸ்.

"உங்க விதிதானே. ஓணானுக்கு நல்லதுன்னா இவருக்கும் நல்லதுதான்."

சாசேஜின் தடிமன் முப்பத்து நான்கு. என் கண்களுக்கு நடுவே முப்பத்தொன்று. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை; அளந்தவன் நான்தான். பெர்கஸ் தன் முகத்தை நீட்டினார். இருபத்தொன்பது.

"நசுக்கிப் பார்க்கலாமா?" என்றார்.

"நசுக்குறதுக்குக் கட்டம் இல்லையே" என்றேன்.

டல்சியும் நியாயமாகத் தன்னை அளந்துகொண்டாள்; அவளுக்கும் எட்டவில்லை. சாசேஜ்கள் பக்கத்து வீட்டு நாய்க்குப் போயின. நாய்க்கு இன்னும் படிவம் வரவில்லை. நாங்கள் மூவரும் கவர்னரின் நாற்பது கிராமைப் பங்கிட்டு மென்றுகொண்டிருந்தோம்.

அப்போது மரக்கட்டைக்கு அடியிலிருந்து கவர்னர் வெளியே வந்தது. வெயில் விழுந்த ஜன்னலோரம் ஏறியது. கண்ணாடியில் ஒரு கொழுத்த ஈ, எங்கிருந்தோ வந்த காட்டு ஈ. நாக்கு ஒருமுறை நீண்டது. கண்ணை மூடி, நிதானமாக விழுங்கியது. அந்த அறையில் விரும்பியதைச் சாப்பிட்டது அது மட்டும்தான்.

பெர்கஸ் தக்காளி சாஸ் புட்டியை உற்றுப் பார்த்தார். "நான் ஒண்ணும் பார்க்கல லெஸ்டர். நீங்க?"

உரிமத்தில் அவர் கையெழுத்து இன்னும் பாதியில் நின்றது. நான் பதிவேட்டைத் திறந்தேன். கொடுத்தது நாற்பது, மிச்சம் நாற்பது, தின்றவர்கள் மூன்று பேர். அதன் கீழே அவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பிறகு உரிமத்தையும் முடித்தார்.

இருபத்தொன்பது வருடம் ஒரு கோதுமை மணியைக்கூடக் கணக்கில் விட்டதில்லை. ஈயை எழுதவில்லை.