கைநாட்டு வைத்த காய்ச்சல்காரர்

பெண்டாட்டியைக் கூப்பிடப் போவதில்லை என்று குத்தாலிங்கம் பிள்ளை சத்தியமே பண்ணிவிட்டார். சாட்சிக்கு யாருமில்லை. வீட்டில் அவர் ஒருத்தர்தானே.

ஏழு மாசத்துக்கு முந்தி, குழம்பில் உப்பு இல்லை என்று தொடங்கிய பேச்சு, "யார் வீட்டுல நின்னுக்கிட்டு எதுத்துப் பேசுத? இது என் வீடுட்டி" என்பதில் போய் முடிந்தது. முத்துவடிவு அழவில்லை. பெட்டியைத் தூக்கினாள். "உங்க வீட்டுல நீங்களே இருங்க" என்று பண்பொழியில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவரும் இருந்தார். காப்பி போட்டால் கைப்பழக்கத்தில் இரண்டு தம்ளர் வந்துவிடும். இரண்டாவதை ஆறவிட்டு அவரே குடிப்பார். அவளைத் திட்ட வேண்டியதையெல்லாம் கோழியைத் திட்டினார். கோழியும் பக்கத்து ராபியா வீட்டுக்குக் குடிபோய்விட்டது.

சாரல் தொடங்கிய வாரம், பத்திரம் எழுதும் தாணுமாலயனைப் பிடித்தார்.

"நடமாட முடியாதவங்களுக்கு ரிஜிஸ்திரார் வீட்டுக்கே வருவாராமே?"

"மனுப் போட்டா வருவாரு அண்ணாச்சி. ஆனா அவரு ஒரு வாசல்ல இறங்குனா, தெருக்காரன் பாடைக்கு மூங்கில் பாக்கப் போயிருவான்."

"அதான் வேணும். வீட்டை அக்கா மகனுக்கு எழுதி வைக்கேன்னு பண்பொழி பஸ்ஸுல சொல்லி விடும். பத்திரத்துல பேர் எழுதுத இடத்தை மட்டும் காலியா விடும். அவ ஓடி வந்து அழுவா. நான் பெரிய மனசு பண்ணி, இப்ப வேண்டாம்னு நிறுத்திருவேன்."

குறித்த நாள் வந்தது. இனி நாலு நாள் படுத்துக் கிடக்கணுமே என்று, காலையிலேயே சைக்கிளை மிதித்துக் குத்தாலம் போய், ஒரு மணி நேரம் அருவியில் நின்றுவிட்டு வந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு முனகினார்.

பத்திரத்தோடு தாணுமாலயன் முன்னாலேயே வந்து தலைமாட்டில் நின்றார். ரிஜிஸ்திரார் வந்தார். அவர் முற்றத்தில் கால் கழுவுவதற்குள் முத்துவடிவு உள்ளே வந்துவிட்டாள். கம்பளிக்குள் பிள்ளையின் கால் சந்தோஷத்தில் ஆடியது.

அவள் நெற்றியில் கை வைத்தாள். கையைப் பார்த்தாள். கொடியில் சொட்டிக்கொண்டிருந்த துண்டைப் பார்த்தாள்.

"ரொம்ப முடியலையோ?"

"அடுத்த சாரலைப் பாக்க மாட்டேன்ட்டி."

"இந்தச் சாரலைப் பாத்துட்டு வந்த தலை இன்னும் காயலையே" என்றாள் காதோடு. "அதிகாரிகிட்ட சொல்லட்டா? பொய் மனுவுக்கு என்ன செய்வாகன்னு இந்த அண்ணாச்சிக்குத் தெரியும்."

தாணுமாலயனுக்கு வேர்த்தது. அவர் கையிலிருந்த பத்திரத்தை அவள் எட்டிப் பார்த்தாள்.

"காலியாக் கெடக்க எடத்துல என் பேரைப் போடுங்க அண்ணாச்சி."

போட்டார். ரிஜிஸ்திரார் உள்ளே வந்து உட்கார்ந்து, பத்திரத்தை வாசித்து, "மனப்பூர்வமா எழுதிக் கொடுக்கியளா?" என்று கேட்டார். பிள்ளை பெண்டாட்டியைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். இடது பெருவிரலில் மை ஏறியது. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அதிகாரி போனார்.

பிள்ளை எழுந்து உட்கார்ந்தார். "வீடு போனாப் போகுது. இனிமே இங்கனதானட்டி இருப்ப?"

"தம்பி பிள்ளைக்குக் காதுகுத்து. அஞ்சு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்."

"அப்ப வீடு?"

"அதான் நீங்க இருக்கியள்லா. யாராவது கேட்டா, யார் வீடுன்னு சரியாச் சொல்லுங்க."

வாசல் வரை போனவள் திரும்பி வந்து, காய்ந்த துண்டு ஒன்றை எடுத்து அவர் மடியில் போட்டாள். "தலையைத் துவட்டுங்க."

ஏழு மாசமாகத் தன் வீட்டில் தனியாக இருந்த குத்தாலிங்கம் பிள்ளை, அன்றிலிருந்து பெண்டாட்டி வீட்டில் தனியாக இருந்தார்.