பாசி பாய் செய்த பாழடைந்த சுவர்

பம்பாயிலேயே சுவரைக் கண்டு நடுங்கிய ஒரே மனிதர் எங்கள் பாசி பாய்தான். டீக்கடையில் சுவரோரம் பெஞ்சு காலியாக இருந்தாலும் நடுவில் நின்றுதான் குடிப்பார். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் முதல் வேலையாக விரல் முட்டியால் சுவரைத் தட்டிக் காதை வைப்பார். "சத்தம் சரியில்ல அண்ணாச்சி, உள்ள பொக்கு விழுந்திருக்கு" என்பார். பெண் பார்க்கப் போன வீட்டிலும் தட்டினாராம். அந்தச் சுவரை இடித்துப் பூசிய பிறகுதான் நிக்காஹ் நடந்தது என்று தாராவியில் பேச்சு.

இப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த தொழில், பேய் வீட்டுக்குப் பாழடைந்த சுவர் செய்வது. மால்களிலும் பொருட்காட்சிகளிலும் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய் அலறுகிறார்களே, அந்தப் பேய் வீடு. எங்கள் சாலின், அதாவது வரிசையாக ஒற்றை அறை வீடுகள் கொண்ட இரண்டு மாடிக் கட்டடத்தின், கீழ்த்தளத்தில்தான் பட்டறை. தெர்மாகோல் பலகையைச் சூடான கத்தியால் கீறினால் விரிசல். பச்சைச் சாயத்தில் ஊறவைத்த மரத்தூள் பாசி. சணலைப் பிரித்துத் தொங்கவிட்டால் வேர். டீ டிக்காஷனை வழியவிட்டால் பல மழைக்காலம் கண்ட கறை.

"எங்க ஒழுகுதுன்னு முதல்ல முடிவு பண்ணணும். ஒழுக்கு இல்லாம பாசி வச்சா பேயே நம்பாது" என்பார்.

ஒருமுறை அவர் ஒட்டிவைத்த பிளாஸ்டிக் அரசங்கன்றை, வேர் விட்டால் கட்டடம் போய்விடுமே என்று பதறி என் மனைவி செல்வி பிடுங்கி எறிந்துவிட்டாள். பாய் கோபித்துக்கொள்ளவில்லை. "மதினி, இதவிட எனக்கு என்ன சர்டிபிகேட் வேணும்?" என்று நெகிழ்ந்துபோனார்.

செம்பூர்ப் பொருட்காட்சிக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. செய்த பலகைகளையெல்லாம் காய்வதற்காகச் சாலின் வெளிச்சுவர் முழுக்கச் சாய்த்து வைத்திருந்தார். மழைக்கு முன்னால் பழைய கட்டடங்களைப் பார்க்க வந்த மாநகராட்சி இன்ஜினியர் எங்கள் சந்துக்குள் நுழைந்தார். நிமிர்ந்து பார்த்தவர் அப்படியே பின்னால் நகர்ந்தார்.

"இஸ்மே லோக் ரெஹ்தே ஹை க்யா?" இதற்குள் ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்கிறார்! "காலி கரோ, ஜல்தி!"

அவ்வளவுதான். டி.வி. இறங்குகிறது, சிலிண்டர் உருளுகிறது, யாரோ அழுகிறார்கள். அதிகாரி என்றதும் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளிந்த பாயை நான்தான் இழுத்து வந்தேன்.

"சாப், யே நக்லி ஹை! தர்மாகோல்!" எல்லாம் போலி என்று பாய் ஒரு விரிசலையே பிய்த்து அவர் கையில் கொடுத்தார். இன்ஜினியர் வாய்விட்டுச் சிரித்தார். சால் முழுக்கச் சிரித்தது. அந்த உற்சாகத்தில் பாய் பலகைகளை ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டினார்.

கடைசிப் பலகைக்குப் பின்னால், தரையிலிருந்து முதல் மாடி வரை ஒரு விரிசல். பாசி இல்லை, வேர் இல்லை, டிக்காஷன் இல்லை. விரல் நுழையும்.

சிரிப்பு நின்றுவிட்டது. பாய் தட்டிப் பார்த்தார். அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். இன்ஜினியர் இந்த முறை கத்தவில்லை. எல்லாரும் உடனே வெளியே வாருங்கள் என்று மெதுவாகச் சொன்னார்.

செல்வி இரண்டாவது மாடியில் இருந்தாள். ரயில்வே பிளாட்பாரத்தில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டு. எங்கள் படியோ ஏணி மாதிரி செங்குத்து. தனி ஆளாக எப்படி இறக்குவேன்? இருந்தும் ஓடினேன். பின்னால் படியில் யாரோ முணுமுணுவென்று துவா ஓதும் சத்தம். திரும்பினால் பாய்!

"நீங்க எதுக்கு வந்தீய?"

"பேசாதிய அண்ணாச்சி, பயமா இருக்கு. நாற்காலியத் தூக்குங்க."

அவளை நாற்காலியோடு தூக்கினோம். படியில் கால் வைத்ததும் மேலேயிருந்து காரைத்தூள் உதிர்ந்தது. "மதினி, கண்ண மூடிக்கோங்க, ஒண்ணுமில்ல" என்றார். நாற்காலி அசையாமல் நின்றது.

"ஏங்க, பாய்தான் கண்ண மூடிட்டு நிக்காரு!" என்று செல்வி அலறினாள்.

"தொறந்துட்டேன், தொறந்துட்டேன். அண்ணாச்சி, அந்தப் பக்கத்துச் சுவரத் தொடாதிய. நான் இந்தப் பக்கம் பாத்துக்கிடுதேன்."

கீழே வந்து சேர்ந்தபோது அவருடைய சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது.

சால் விழவில்லை. இரும்புத் தூண் முட்டுக் கொடுத்துச் சரிசெய்தார்கள். அதுவரை நாங்கள் ஆண்டாப் ஹில்லில் மச்சினன் வீட்டில் இருந்தோம். செம்பூரில் பேய் வீடு அமோகமாக ஓடியது. பாய் மட்டும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

பட்டறையையும் அடுத்த சந்துக்கு மாற்றிவிட்டார். "நிஜ விரிசல மறைச்சு வச்ச பாவி நான்" என்று புலம்பினார். "உங்க பலகை இல்லன்னா அந்த இன்ஜினியர் எங்க சால்ல நின்னு பாத்திருப்பாரா?" என்று செல்வி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். சமாதானமாகவில்லை.

இப்போதெல்லாம் மழை வலுத்தால் போன் வரும். "அண்ணாச்சி, சுவரு எப்படி இருக்கு?" நன்றாக இருக்கிறது என்று சொல்லும்வரை விடமாட்டார். போன வாரம் அடைமழையில் என் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. கொஞ்ச நேரத்தில் முழங்கால் வரை சேறோடு வாசலில் வந்து நிற்கிறார். "ஒண்ணுமில்ல, சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றார், பல் தந்தியடித்தபடி.

நான் பதில் சொல்வதற்குள் செல்வி துண்டை எடுத்துக்கொண்டு ஓடினாள்.