பன்றித் தொழுவமும் சின்னவனின் கோபுரமும்

டுரினில் இருக்கும் அன்புள்ள போனாரியா அக்காவுக்கு,

தம்பி கவினோ எழுதுவது. நானும் பெப்பீனாவும் ஆடுகளும் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா, அத்தானின் கோபம் கொஞ்சமாவது இறங்கியதா என்று எழுது. நம் சின்னத் தம்பி பகீசியோவும் சுகமாகத்தான் இருக்கிறான். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அப்பாவின் நிலத்தை நீ மூத்தவளாய் நின்று பங்கு போட்ட அன்றைக்கு, குன்றுப்பக்கம் இடிந்த கல் கோபுரம் ஒன்றுதான் இருக்கிறது, புல்கூட முளைக்காது என்று சொல்லி, ஆற்றோரத்து நல்ல நிலத்தை நான்தான் எடுத்துக்கொண்டேன். ஒத்துக்கொள்கிறேன். அவனும் வாயைத் திறக்காமல் குன்றை வாங்கிக்கொண்டான். இப்போது பார், வாடகைக் கார் எடுத்து நம் தீவைச் சுற்ற வருகிற ஜனமெல்லாம், மூவாயிரம் வருஷத்துக் கோபுரமாம், அதன் நிழலில்தான் தங்குவார்களாம், என் வாசலில் வழி கேட்டுவிட்டு அவன் பண்ணைக்குப் போகிறார்கள். என்னிடம் ஐந்து அறை, வெந்நீர், பெப்பீனா கையால் சுட்ட பன்றிக்குட்டி எல்லாம் இருக்கிறது, இடிந்த சுவர்தான் இல்லை. அவன் சீஸில் உப்பே கிடையாது அக்கா, அதைத் தின்றுவிட்டு ஆகா ஓகோ என்கிறார்கள். போன மாதம் ஒரு ஜெர்மன்காரப் பெண் அந்தக் கோபுரத்தடியில் கல்யாணமே செய்துகொண்டாள். எனக்கு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை.

பொறுக்கமாட்டாமல் நானும் பன்றித் தொழுவத்தின் கூரையைப் பிரித்து, கல்லையெல்லாம் கழுவி, ‘பழங்காலக் கோயில், தங்க அறை உண்டு’ என்று சாலையில் பலகை நட்டேன். முதல் நாளே போலோனியா நகரத்திலிருந்து புருஷனும் பெண்டாட்டியுமாக ஒரு கார் வந்தது. தீனித்தொட்டியைக் காட்டிப் பலிபீடம் என்றேன். அந்தம்மா மண்டியிட்டு ஒவ்வொரு கல்லாகத் தடவிக்கொண்டிருக்கிறாள், நான் காட்டுக்குள் விரட்டிவிட்டிருந்த தாய்ப்பன்றி அந்த நேரம் பார்த்துத் தன் வீட்டைத் தேடி வந்து, அவள் புருஷனைச் சேற்றில் தள்ளிவிட்டுப் பலிபீடத்தில் வாயை வைத்தது.

“இது என்னங்க?” என்றார் அவர், சேற்றில் உட்கார்ந்தபடி.

“கோயில் பூசாரிங்க” என்றாள் பெப்பீனா.

பெண்டாட்டியா அக்கா இவள்? அந்தம்மா காலேஜில் தொல்லியல் சொல்லிக்கொடுப்பவள் என்று பிறகுதான் தெரிந்தது. கல்லையெல்லாம் படம் பிடித்துக்கொண்டு, தங்குவதற்குப் பகீசியோ பண்ணைக்கே போய்விட்டார்கள். மறுநாள் ஒயின் கடையில் அத்தனை பேர் முன்னாலும் அவன் என்னைப் பார்த்து, “என்னண்ணே, பூசாரி சௌக்கியமா?” என்று கேட்டான்.

ஆகையால் நீ உடனே கப்பலேறி வந்து பங்கைத் திருப்பிப் போடு. கோபுரம் பொது என்று எழுதி வை. இல்லாவிட்டால் ஈஸ்டருக்கு அவன் உட்காரும் மேசையில் நான் உட்காரமாட்டேன், இது அம்மா கல்லறைமேல் சத்தியம்.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். உன் வீட்டில் ரொட்டியும் எண்ணெயும் குறையாமல் இருக்கட்டும்.

உன் ஏமாந்த தம்பி,
கவினோ

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அந்தம்மா அதிகாரிகளோடு வந்துவிட்டாள். தொழுவம் நிஜமாகவே பழசாம். தோண்டி முடிக்கும்வரை யாரும் தங்கக்கூடாதென்று வீட்டுக்கும் சேர்த்துச் சீல் வைத்துவிட்டார்கள், நாலு வருஷம் ஆகுமாம். பகீசியோதான் வண்டி கொண்டுவந்து எங்களையும் கட்டிலையும் பூசாரியையும் ஏற்றிக்கொண்டு போனான். இதை அவன் மேசையில், அவன் சீஸைத் தின்றபடி எழுதுகிறேன். உப்பு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அக்கா, என் தொழுவம் அவன் கோபுரத்தைவிட முந்நூறு வருஷம் மூத்ததாம்! பங்கில் கை வைத்துவிடாதே. அவனுக்குப் போன் போட்டு நீ ஒரு தடவை இதைச் சொல்லு. நான் ஏழு தடவை சொல்லியும் காதில் விழாத மாதிரி இருக்கிறான்.