பெட்டியைப் பற்றிப் பேசக் கூடாது

டிரெய்லர் வீட்டை இழுத்துக்கொண்டு பிக்கப் வண்டி மேட்டில் பாதிகூட ஏறவில்லை, அதற்குள் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் நடுவைத் தாண்டிவிட்டது. வெண்டெல் அதைக் கவனிக்காதவன் போலச் சாலையையே பார்த்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி மார்வா அதைக் கவனித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் சொல்லல" என்றாள்.

"நானும் ஒண்ணும் கேக்கல."

பின்னால் கார்கள் வரிசை கட்டி ஊர்ந்தன. வெட்டு மரம் ஏற்றிய லாரி ஒன்று அவர்களை முந்திக்கொண்டு போனது. போகிற போக்கில் அதன் டிரைவர் கை வேறு ஆட்டிவிட்டுப் போனான். ஏற்றத்தில் மரலாரியிடம் தோற்பது ஐடஹோ மாநிலத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு லேசில் செரிக்கிற விஷயமல்ல.

மார்வா ஒன்றும் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. வசந்தத்தில் டிரெய்லர் வீட்டை வாங்கி முதல் பயணம் போய் வந்தபோது இருவரும் போட்ட சண்டையில், அவர்கள் வீட்டு நாய் பக்கத்து வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டது. இழுக்கிற பிக்கப் சின்னது என்றாள் அவள். நீ ஏற்றுகிற பெட்டிகள் பெரிசு என்றான் அவன். கடைசியில் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். பிக்கப்பைப் பற்றி அவள் வாயைத் திறக்கக் கூடாது. டிரெய்லருக்குள் யார் என்ன ஏற்றினாலும், ஏன் என்று மற்றவர் கேட்கக் கூடாது.

ஒப்பந்தத்துக்கு வெளியே ஒருவன் இருந்தான். மார்வாவின் அண்ணன் டெல்பர்ட். பின்னால் இரட்டைச் சக்கரம் வைத்த மலை மாதிரி பிக்கப் ஒன்று அவனிடம் உண்டு. வெண்டெலின் நடுத்தர டீசல் பிக்கப்பை அவன் பொம்மை என்றே சொல்வான்.

"மாப்ள, மெக்கால் ஏரி வரைக்கும் இந்தப் பொம்ம உன் டிரெய்லர இழுத்துட்டு வந்துட்டா, நான் ஆயுசுக்கும் வாய மூடிக்கறேன். வரலன்னா இத வித்துட்டு என் பழைய வண்டிய எடுத்துக்க. நல்ல வண்டி. கதவு மட்டும் கொஞ்சம் சாத்தாது" என்று எல்லோர் எதிரிலும் சொன்னான்.

வெண்டெலும் வீம்புக்குச் சரி என்று தலையாட்டிவிட்டான். கல்யாணமான நாளிலிருந்து மச்சான் கழித்த வண்டிகளைத்தான் அவன் ஓட்டி வந்தான். இந்தப் பிக்கப் ஒன்றுதான் அவனாகப் பார்த்து, அவனாக நிறம் சொல்லி வாங்கியது. காலையில் அந்த டீசல் இன்ஜின் உறுமுவதைக் கேட்டால் அன்று முழுவதும் அவனுக்கு மனசு நிறைந்திருக்கும். அதைப் போய் விற்பதா?

முள் சிவப்பை நெருங்கியது. வெண்டெலுக்கு எங்கோ படித்த வைத்தியம் ஞாபகம் வந்தது. உள்ளே ஹீட்டரை முழுசாகப் போட்டால் இன்ஜின் சூடு கொஞ்சம் இறங்கும். போட்டான். வெளியே ஜூலை வெயில் தகித்துக்கொண்டிருந்தது.

கொஞ்ச தூரத்தில் மார்வாவின் முகம் தக்காளி நிறத்துக்கு வந்துவிட்டது. அவள் மடியில் அண்ணனுக்காக வைத்திருந்த சாக்லெட் பெட்டி ஒரு மாதிரி கசிய ஆரம்பித்தது.

"நான் இப்பவும் ஒண்ணும் சொல்லல."

"தெரியுது. சொல்லாம இருக்கறது இவ்வளவு சத்தமா இருக்கும்னு எனக்குத் தெரியாது."

ஒரு வழியாக உச்சிக்கு வந்து ஓரம் கட்டினார்கள். இறங்கிப் பார்த்தால், பிக்கப்பின் பின்பக்கம் தரையைத் தொடாத குறையாக இறங்கிக் கிடந்தது. முன்பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. டிரெய்லரின் முன்பாரம் மொத்தமும் பிக்கப்பின் வாலில் உட்கார்ந்திருக்கிறது என்பது வெண்டெலுக்குப் பார்த்தவுடனே புரிந்தது.

காலையில், ஒரே மாதிரி டிரெய்லர்கள் வரிசையாக நிற்கும் யார்டில் டிரெய்லரைக் கோத்தபோது இருவருமே உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. சாமானெல்லாம் போன வாரமே ஆளுக்கொரு நாளாக வந்து வைத்தாகிவிட்டது. இப்போதுதான் முதல் முறையாகச் சாவியைப் போட்டான். எப்போதும் மக்கர் பண்ணும் பூட்டு சட்டென்று திறந்தது. மார்வா எண்ணெய் விட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

உள்ளே ஜன்னல்களில் சூரியகாந்தி போட்ட புதுத் திரைகள். முன்பக்கத்து அலமாரியைத் திறந்தான். அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகக் கற்கள். சிவப்பும் பச்சையுமாக, மெருகேற்றியதும் ஏற்றாததுமாக. கட்டிலுக்கு அடியில் கனத்த வார்ப்பிரும்புச் சட்டிகள், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி. அதற்குப் பக்கத்தில் பீச் பழம் பதப்படுத்திய கண்ணாடி ஜாடிகள். அவனுடைய தூண்டிலையும் மீன்பிடி சாமானையும் காணவே காணோம்.

வெண்டெல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மெக்காலில் மார்வாவின் தோழி ஒருத்தி வீட்டைச் சுற்றித் தோட்டம் போடுகிறாள். அவளுக்குத்தான் இந்தக் கல். அதற்கு இடம் பண்ண அவனுடைய தூண்டிலை வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டாள். கேட்கலாமா? கேட்கக் கூடாது. கேட்டால் அடுத்த நிமிஷம் பேச்சு பிக்கப்புக்கு வரும்.

மார்வா உள்ளே வந்தாள். சுற்றிலும் பார்த்தாள். கற்களைப் பார்த்தாள். அவள் உதடு என்னவோ சொல்ல வந்து மூடிக்கொண்டது. பிறகு அவள் பார்வை திரைகளில் போய் நின்றது.

"திரை ரொம்ப நல்லா இருக்கு" என்றாள் மெதுவாக.

பாராட்டை எதிர்பார்க்கிறாள் என்று வெண்டெல் புரிந்துகொண்டான். "ரொம்ப நல்லா இருக்கு. யாருக்கு இப்படித் தோணும்?"

மார்வா அவன் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். அவள் கண் லேசாகக் கலங்கியிருந்தது. ஒரு நல்ல வார்த்தைக்கு இவ்வளவு பலன் உண்டென்று தெரிந்திருந்தால் கல்யாணமான புதிதிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

"முன்பாரம் பின்பாரம்னு நீ பாடம் எடுத்தப்பல்லாம் சும்மா சொல்றேன்னு நெனச்சேன்" என்றாள், கற்பெட்டிகளைப் பார்த்தபடி. "இவ்வளவு தூரம் போவேன்னு நெனைக்கல."

குத்துகிறாள் என்று நினைத்து அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

கல்லைத் தொடக் கூடாது, சட்டியைத் தொடக் கூடாது. தண்ணீரைத் தொடலாம். டிரெய்லரின் தொட்டியைத் திறந்து அத்தனை தண்ணீரையும் சாலையோரப் புல்லுக்கு விட்டான். புல்லுக்கு நல்ல காலம். ஆனால் தொட்டி இருந்தது டிரெய்லரின் பின்பக்கத்தில். பின்னால் பாரம் குறையக் குறைய, முன்பக்கம் இன்னும் அழுந்தியது. பிக்கப் இன்னும் கொஞ்சம் குந்தியது.

"இப்ப இன்னும் தாழ்வா இருக்கற மாதிரி..." என்று மார்வா ஆரம்பித்தாள்.

"மார்வா."

"சரி. நான் வானத்தத்தான் பாக்கறேன். கண்ணாடி வழியா அதுதான் தெரியுது."

இறக்கத்தில் பிரேக் வாடை மூக்கைத் துளைத்தது. கீழே ஊர் வந்ததும், மார்வா குளிர்பானம் வாங்கப் போன நேரம் பார்த்து, கற்பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி டிரெய்லரின் பின்பக்கத்துக்கு மாற்றினான். இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. ஆனால் பிக்கப் நிமிர்ந்துவிட்டது. வெண்டெல் ஒரு சுற்று சுற்றி வந்து அதைத் தட்டிக் கொடுத்தான்.

அந்தச் சந்தோஷம் ஆற்றங்கரைச் சாலை வருகிற வரைதான். பாரம் பின்னால் போனதும் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தது. இடப்பக்கம் போனால் வலப்பக்கம் இழுத்தது. எதிரே வந்த வண்டிகள் ஒதுங்கி நின்று வழி விட்டன. கீழே ஆறு நுரைத்துக்கொண்டு ஓடியது.

"வெண்டெல், இது பிக்கப்பப் பத்தின பேச்சு இல்ல" என்றாள் மார்வா, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. "என் உசுரப் பத்தின பேச்சு."

ரப்பர்ப் படகுக்காரர்கள் கூடும் ஆற்றுத் திருப்பத்தில் வண்டியை நிறுத்தினான். இனி வேறு வழியில்லை. பாரத்தை இறக்கியாக வேண்டும். மார்வாவை எப்படி அப்புறப்படுத்துவது என்று அவன் யோசிப்பதற்குள் அவளே உள்ளே போய், போர்வையில் சுற்றிய பெரிய மூட்டை ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி வெளியே வந்தாள்.

"நான் கொஞ்சம் நடந்துட்டு வரேன்."

மூட்டை ஒரு பக்கம் முனகியது. என்ன என்று கேட்க வாய் வந்தது. ஒப்பந்தம் தடுத்தது. "நல்லா நடந்துட்டு வா" என்றான்.

அவள் தலை மறைந்ததும் வேலையில் இறங்கினான். வார்ப்பிரும்புச் சட்டிகளைப் படகுக்காரர்களிடம் நீட்டினான். அவர்களுக்கு நம்ப முடியவில்லை.

"சும்மாவா அண்ணே? எதாச்சும் ஓட்டையா?"

"ஓட்டையெல்லாம் இல்ல. வேண்டுதல்னு வெச்சுக்கங்க."

பீச் ஜாடிகள் சாலை போடுகிற ஆட்களுக்குப் போயின. சாலையை மறித்து நின்ற பெண் ஒருத்தி அந்த நன்றிக்கு வண்டியை முதலில் விடுவதாகச் சொன்னாள். கற்களை யாரும் வாங்கவில்லை. அதனால் இளைப்பாறும் இடத்தில் இருந்த ஒரு பைன் மரத்தைச் சுற்றி அவற்றை அழகாக அடுக்கி வைத்தான். அரசாங்கமே வைத்தது போல இருந்தது. மார்வாவுக்கு எப்படியும் ஒரு நாள் தெரியத்தான் போகிறது. அன்றைக்கு முட்டி போட்டுக்கொள்ளலாம். இன்றைக்குப் பிக்கப் பிழைக்கட்டும்.

மார்வா வெறுங்கையோடு திரும்பி வந்தாள். முகத்தில் பாரம் இறங்கிய நிம்மதி. அவனும் அவளைப் பார்த்துச் சிரித்தான். இருவரும் ஒன்றும் கேட்கவில்லை. வெகு நாளைக்குப் பிறகு அவள் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள்.

அதற்கப்புறம் பிக்கப் பறந்தது. மீதி ஏற்றங்களில் முள் அசையவில்லை. மரலாரி ஒன்றை முந்தியபோது வெண்டெலும் கை ஆட்டினான். அதே லாரி அல்ல என்றாலும் கணக்கு நேரானது போலிருந்தது.

மெக்கால் ஏரிக்கரையில் கூடாரக்காரர்களும் டிரெய்லர்க்காரர்களும் மடக்கு நாற்காலிகளை வெளியே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். புதிதாக வருகிறவன் டிரெய்லரைப் பின்னால் தள்ளி நிறுத்துவதைப் பார்ப்பதுதான் அங்கே மாலைப் பொழுதுபோக்கு. முதல் வரிசையில் டெல்பர்ட் உட்கார்ந்திருந்தான். தொப்பி, குளிர்ந்த பானம், கேலிக்குத் தயாரான முகம்.

மார்வா பின்னால் நின்று கை காட்டினாள். வெண்டெல் ஸ்டியரிங்கை ஒடித்தான். ஒரே தடவையில் டிரெய்லர் இரண்டு மரங்களுக்கு நடுவில் சொன்னபடி போய் நின்றது. யாரோ கைதட்டினார்கள்.

டெல்பர்ட் எழுந்து வந்தான். பிக்கப்பைச் சுற்றிப் பார்த்தான். சக்கரத்தை ஒரு உதை உதைத்தான்.

"சரி மாப்ள. பொம்ம இல்ல. வாய மூடிக்கறேன்."

வெண்டெல் சாவியைக் கையில் சுழற்றினான். இத்தனை வருஷத்தில் மச்சான் தன்னைப் பார்த்து இப்படிச் சொல்வான் என்று அவன் நினைத்ததே இல்லை. அப்படியே நின்று அந்த நிமிஷத்தை அனுபவித்தான்.

அப்போதுதான் பழைய பிக்கப் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து அவர்கள் எதிரே நின்றது. எழுபது வயது இருக்கும் ஒரு அம்மாள் இறங்கினாள். கழுத்தில் கனமான பச்சைக் கல் மாலை. வெண்டெல் அவள் வண்டியின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தான். வார்ப்பிரும்புச் சட்டிகள். பீச் ஜாடிகள். குவியலாகக் கற்கள். எல்லாவற்றுக்கும் மேலே, அவன் கண்ணால் கண்டிராத, விரித்து மடக்கி வாசிக்கிற ஒரு அக்கார்டியன்.

நல்ல மனுஷி. வழியில் கிடந்த சாமானைப் பொறுக்கிக்கொண்டு உடையவர்களைத் தேடி வந்திருக்கிறாள். உலகத்தில் இவ்வளவு நல்லவர்கள் இருக்கக் கூடாது. ஓடிப் போய் அவளை மறித்தான்.

"அம்மா, கொஞ்சம் மெதுவா பேசுங்க. இதெல்லாம் நான் வழியில குடுத்தது என் வீட்டுக்காரிக்குத் தெரியாது."

"தெரியாதா?" என்றாள் அந்த அம்மாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

அந்தப் பக்கமிருந்து மார்வா மூச்சு வாங்க ஓடி வந்தாள். அக்கார்டியனைக் கண்டதும் அவள் முகம் வெளுத்தது. "அம்மா, அத மட்டும் மூடி வெச்சுடுங்க. பாவம், ஆசையா வாங்கி வெச்சிருந்தாரு. ராத்திரியெல்லாம் வாசிச்சுடுவாரோன்னு பயந்து நான்தான் போர்வையில சுத்தி எடுத்துட்டுப் போய்..."

"நான் எங்க அத வாங்கினேன்..." என்று ஆரம்பித்த வெண்டெல், "அப்ப இந்தக் கல்லு? உன் தோழிக்கு இல்ல?" என்றான்.

"என் தோழிக்கா? நீதான முன்பாரத்துக்குன்னு ஏத்தி வெச்ச?"

டெல்பர்ட்டின் முகத்தில் மெல்ல வெளிச்சம் ஏறியது. மூடிய வாய் அகலமாகத் திறந்தது.

"ஓகோ. பாரத்த வழியெல்லாம் எறக்கிட்டுத்தான் வந்தியா மாப்ள? அப்ப பந்தயம் செல்லாது. நாளைக்கே இந்தப் பொம்மைய வித்துட்டு என் வண்டிய எடுத்துக்கற."

வெண்டெல் பிக்கப்பின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றான்.

அந்த அம்மாள் அவர்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து டிரெய்லரின் கதவைத் திறந்தாள். சூரியகாந்தித் திரைகள் சரியாக இருக்கின்றனவா என்று தலையை நீட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"பந்தயத்த அப்புறம் பேசிக்கங்க தம்பி. இந்த டிரெய்லர் செய்யற கம்பெனிக்காரன் எல்லாருக்கும் ஒரே சாவியக் குடுத்துத் தொலச்சிருக்கான். உங்க டிரெய்லர் யார்டுல சும்மாதான் நிக்குது, இது என் வீடு."